இரு காதுகளால் ஒலி வரும் திசையை அறிதல்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகே வீதியைக் கடக்க நிற்கிறீர்கள். பஸ் ஒன்று ஹோர்ன் அடிக்கிறது. திரும்பிப் பார்க்கும் முன்னரே அது வலப்பக்கம் வருகிறது என அறிகிறீர்கள். எவ்வாறு? மூளை இரு காதுகளிலும் விழும் ஒலியை ஒப்பிடுகிறது. இதனை 1907 இல் றேலி பிரபு இரு வேறுபாடுகளால் விளக்கினார்.

1. நேர வேறுபாடு: ஒலி வலக்காதை முதலில் அடையும். இடக்காதை அடைய ஏறத்தாழ 0.2 மீற்றர் மேலதிகமாகச் செல்ல வேண்டும். வளியில் ஒலியின் கதி செக்கனுக்கு 340 மீற்றர் எனின்,
நேர வேறுபாடு = 0.2 ÷ 340 = 0.0006 செக்கன் (ஏறத்தாழ).
தாழ்ந்த மீடிறன் ஒலிகளுக்கு இதுவே முக்கியமானது.

2. செறிவு வேறுபாடு: உயர்ந்த மீடிறன் ஒலிகளின் அலைநீளம் குறைவு. அவற்றைத் தலை மறைப்பதால் இடக்காதில் ஒலிச்செறிவு குறையும். அலைநீளம் கூடிய ஒலிகள் தலையைச் சுற்றி வளைந்து செல்லும்.

கவனிக்க: நேர் முன்னாலிருந்தோ நேர் பின்னாலிருந்தோ வரும் ஒலி இரு காதுகளையும் ஒரே நேரத்தில் அடையும். அப்போது செவிச்சோணையின் வடிவமும் தலையைச் சற்றுத் திருப்புவதும் உதவும்.

ஒரு காதில் இயர்போன் மாட்டியவருக்கு இந்த ஒப்பீடு தவறும். வீதியில் அது உயிராபத்து.

பரீட்சைக் குறிப்பு: "இரு காதுகள் இருப்பதால்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நேரம், செறிவு ஆகிய இரண்டையும் காரணத்துடன் எழுதுங்கள்.