படுகளத்து மண் உருவம்

கோடை வந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பக்கத்துத் தர்மபுரியிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரத விழா களைகட்டும். பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கடைசியில் படுகளம், துரியோதனன் போரில் வீழும் காட்சி. அன்று திடலில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான், முழுக்க மண்ணாலேயே.

இருபது, முப்பது அடி நீளம். சில ஊர்களில் இன்னும் பெரிது. களிமண்ணைக் குழைத்துத் தரையிலேயே குவித்து, கிரீடம், மீசை, கதாயுதம் என்று பிடித்துக்கொண்டே வருவார்கள். பிறகு வண்ணம் பூசுவார்கள். சூளையில் சுடுவதில்லை. ஈரம் போகப் போகக் களிமண் சுருங்கி வெடிக்கும் என்பதால் நேரம் பார்த்துத்தான் வேலை. நுணுக்கமான இடம் தொடை. அங்கே சிவப்புக் கரைசலை உள்ளே மறைத்து வைப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதையால் அடித்ததும் அது பீறிட வேண்டும். பிறகு திரௌபதி வேஷக்காரர் அந்தச் சிவப்பைத் தொட்டுத் தடவி, விரித்த கூந்தலை முடிவார்.

இத்தனைக்கும் இசை முகவீணை. சின்னக் குழல்தான், ஆனால் அதன் கீச்சுக்குரல் திறந்த வெளியில் வெகுதூரம் போகும். மிருதங்கமும் தாளமும் கூடவே வரும். கற்பூரப் புகை, வேப்பிலை வாசம், காலடியில் ஈர மண். கூட்டமும் ஒதுங்கி நிற்பதில்லை. உருவத்தைச் சுற்றி ஓடும் வேஷக்காரர்களோடு சனமும் ஓடும். சில ஊர்களில் வேஷக்காரர் கையால் துடைப்ப அடி வாங்கினால் பீடை கழியும் என்று தலை குனிந்து நிற்பார்கள். முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சாயங்காலம் தீமிதி.

பார்ப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளும் கலை மேற்கிலும் உண்டு. 1959இல் நியூயார்க்கில் ஆலன் காப்ரோ என்ற கலைஞர், பார்வையாளர்களுக்குக் குறிப்பு அட்டை கொடுத்து, அறை அறையாக நகரவைத்து, அவர்களையும் படைப்பின் பங்காக்கினார். நவீனக் கலை வரலாறு அதை ஒரு திருப்புமுனையாகச் சொல்கிறது. படுகளத்தில் யாருக்கும் அட்டை தேவைப்படுவதில்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது அழ வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். கண், காது, மூக்கு, தோல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும் கலை இது. பக்தியோடு சேர்த்து, கலை என்றும் இதை மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நோட்டீஸில் உபயதாரர் பெயர்களோடு, உருவம் பிடிக்கும் கலைஞரின் பெயரையும் அச்சிடுங்கள்.