உங்களுக்குத் தெரியுமா? செட்டிநாட்டில் ஒரு ‘செட்’

காரைக்குடியில் காலை நேரம் ஹோட்டலில் உட்கார்ந்தால் “அண்ணே, ஒரு செட் பூரி” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். தெருமுனையில் கோயில் விசேஷத்துக்கு மைக்செட் கட்டிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டில் தரை போடும் கொத்தனார், “இன்னும் செட் ஆகலைங்க, மிதிச்சிராதீங்க” என்பார். நகைக்கடைப் பலகையில் ‘நெக்லஸ் செட்’ இருக்கும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. இந்த வாரத் துணுக்குகள் எல்லாமே அந்தச் சொல்லைப் பற்றித்தான்.

✦ 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் எல்லாவற்றையும்விட நீளமான பதிவு எந்தச் சொல்லுக்கு? ‘செட்’டுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430க்கும் மேற்பட்ட பொருள்கள். அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள். தனிப் புத்தகமாகப் போட்டால் ஒரு நடுத்தர நாவல் அளவுக்கு வரும். பின்னர் மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது ‘ரன்’ என்ற வினை 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது.

✦ ‘அலாரம் செட் பண்ணு’ என்பதில் வரும் செட்டும் ‘டீ செட்’ என்பதில் வரும் செட்டும் பிறப்பில் வேறு வேறு சொற்கள் என்பது தெரியுமா? முதலாவது பழைய ஆங்கில வினை. ‘உட்கார வை’ என்பது அதன் அடிப்பொருள். இரண்டாவது, லத்தீனில் ஒரு வழியைப் பின்பற்றுவோரைக் குறித்த ‘செக்டா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. ஒலி ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஆங்கிலத்தில் கலந்துவிட்டன. ‘உட்கார வை’ என்ற அந்த வேர் நமக்கும் தூரத்து உறவு. வடமொழியில் ‘உட்கார்’ என்று பொருள்படும் ‘சத்’ அதே குடும்பம். சபையைக் குறிக்கும் சதஸ், குருவின் அருகே அமர்ந்து கேட்ட உபநிடதம் இரண்டும் அதிலிருந்து பிறந்தவை. ‘அமெரிக்காவில் செட்டில் ஆகிட்டான்’ என்கிறோமே, அந்தச் செட்டிலும் ‘இருக்கை’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

✦ ஆங்கிலச் செட் கப்பலேறி வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் ஒரு ‘செட்டு’ இருந்தது. வாணிகம் என்பது ஒரு பொருள், சிக்கனம் என்பது இன்னொரு பொருள். ‘செட்டாகக் குடும்பம் நடத்துகிறவள்’, ‘கட்டும் செட்டுமாக இருப்பவர்’ என்று பெரியவர்கள் பாராட்டுவது இந்தச் செட்டைத்தான். ‘செட்டி’ என்ற சொல் இதிலிருந்து வந்தது என்பார் சிலர். வடமொழி ‘ஸ்ரேஷ்டி’யிலிருந்து வந்தது என்பார் பலர். எப்படியானாலும் வாணிகத்தையும் சிக்கனத்தையும் ஒரே சொல்லில் வைத்த மொழி, செட்டிநாட்டுக்காரர்களின் குணத்தை முன்கூட்டியே எழுதிவைத்தது போலிருக்கிறது. இதற்கும் ஆங்கிலச் செட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே.

✦ செட் என்றால் சாமான் தொகுதி என்ற பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் கல்யாணத்துக்குப் போக வேண்டும். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் ‘பரப்பி’ வைப்பார்கள். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல், பீங்கான், மரச்சாமான், பாய், கூடை என்று வகை வகையாக, ஒவ்வொன்றிலும் பெரியது முதல் சிறியது வரை வரிசை பிசகாமல் இருக்கும். பெண் பிறந்ததிலிருந்தே தாய் சேர்க்கத் தொடங்கிய சாமான்கள் அவை. கப்பல் வியாபாரம் செழித்த காலத்தில் சுவீடனிலும் செக்கோஸ்லோவாகியாவிலும் செய்த எனாமல் பாத்திரங்கள்கூட இந்த வரிசையில் இடம் பிடித்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். மூடி ஒருபக்கம், அடி ஒருபக்கமாகப் பிரிந்து கிடக்கும் தூக்குகளைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது. ஒரு தாய் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வரிசை அது.

அந்தச் சாமான்களை வீட்டு ஆச்சிமார் ‘செட்’ என்று எண்ணியதில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது ‘அடுக்கு’. இரண்டிரண்டாக வருவது ‘சோடி’. ஒரு தடவையில் வெந்து இறங்கும் இட்லி ஒரு ‘ஈடு’. வெற்றிலை ‘கவுளி’. பூ ‘சரம்’. இவை ஒவ்வொன்றும் பொருளின் தன்மையைச் சொல்லிவிடும். ‘ஈடு’ என்றதும் கொப்பரையும் ஆவியும் நினைவுக்கு வருகின்றன. ‘ஒரு செட் இட்லி’ என்றால் எண்ணிக்கை மட்டும்தான் மிஞ்சுகிறது. ஈடு என்ற சொல்லை நாம் கைவிடவே கூடாது.

✦ தனிக்குடித்தனம் தொடங்குவதை ஆங்கிலேயர் வீட்டைச் ‘செட் அப்’ செய்வது என்பார்கள். செட்டிநாட்டில் அதற்கு ஒரு முறையே உண்டு, பெயர் ‘வேறு வைத்தல்’. கல்யாணமான மகனையும் மருமகளையும் சில காலத்தில் வேறு வைத்துவிடுவார்கள். வீடு அதே பெரிய வீடுதான், முகப்பும் ‘வளவு’ என்ற உள்முற்றப் பகுதியும் பொது. அடுப்பும் அரிசியும் கணக்கும் மட்டும் தனி. கூட்டுக் குடும்பத்தின் பாதுகாப்பும் தனிக்குடித்தனத்தின் பொறுப்பும் ஒரே கூரைக்குள். பரப்பி வைத்த சாமான்கள் அத்தனை எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை.

✦ சினிமா ‘செட்’ என்றதும் கோடம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஏ.வி.எம். ஸ்டூடியோ பிறந்தது காரைக்குடிப் பக்கம் என்பது தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னையில் புது ஸ்டூடியோவுக்கு மின் இணைப்பு கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. ஏ.வி. மெய்யப்பன் சொந்தச் சீமைக்கே வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். சுற்றிலும் கலைஞர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் குடிசைகள் எழும்பின. 1945 அக்டோபர் 14 அன்று ஏ.வி.எம். உதயமானது. அங்கே எடுத்த ‘நாம் இருவர்’ 1947 ஜனவரியில் வெளிவந்தது. டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களும் குமாரி கமலாவின் நடனமும் அந்தப் படத்தில்தான். நாடு விடுதலை பெற இன்னும் ஏழு மாதம் இருந்த நேரம் அது. ‘வேதாள உலக’மும் காரைக்குடியில் எடுத்ததே. 1948இல் ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. சென்னையிலிருந்து படக்குழுக்கள் கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் காரைக்குடிக்கும் வருகின்றன. பர்மா தேக்குத் தூணும் இத்தாலியப் பளிங்கும் நிஜமாகவே நிற்கும்போது செட் போட வேண்டிய தேவை இல்லையே. ஆனாலும் படப்பிடிப்புக்காரர்கள் பேச்சில் அந்த நிஜ வீடும் ‘செட்’தான்.

✦ கொத்தனார் சொல்லும் ‘செட்’டுக்கு அளவு உண்டு. இந்தியத் தர விதி ஐ.எஸ். 269இன்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் குழைத்த 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கிவிடக் கூடாது. 600 நிமிடத்துக்குள் முழுவதும் இறுகிவிட வேண்டும். இந்த இடைவெளியை நம்பித்தான் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிறார்கள்.

செய்முறை இதுதான். சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் தகட்டை வைப்பார்கள். அதன்மேல் பூ வடிவத் தடுப்புகள் உள்ள உலோக அச்சு. ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு வண்ணச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றிவிட்டு, கை நடுங்காமல் அச்சை நேராக மேலே தூக்குவார்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பிறகு ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த மணலும் சிமென்ட்டும் கலந்த தூள், அதன்மேல் முதுகுக்குக் கெட்டிக் கலவை. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியை எடுத்தால் அதன் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கியிருக்கும். சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது.

✦ வைரத்தைப் பதிப்பதும் ஆங்கிலத்தில் ‘செட்டிங்’தான். பின்பக்கம் மூடியிருந்தால் குளோஸ் செட்டிங், வெளிச்சம் ஊடுருவும்படி விட்டால் ஓபன் செட்டிங். செட்டிநாட்டு ஆச்சிமார் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் தேடித் தேடி வாங்கிய ‘புளூ ஜாகர்’ வைரத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்திலிருந்து. இலேசான நீலம் ஓடும் வெள்ளைக் கற்களுக்குப் பேர்போன சுரங்கம் அது. அந்த ஊர்ப் பெயரைச் சுருக்கி நம் வீட்டுப் பெட்டகம் வரை கொண்டுவந்தது வைர வியாபாரம்.

✦ மைக்செட், பம்புசெட், பல்செட், செட் தோசை. லண்டனில் போய் ‘மைக்செட்’ வேண்டும் என்று கேட்டால் ஒருவருக்கும் விளங்காது. கட்டுப்பல்லை அங்கே ‘பல்செட்’ என்று யாரும் சொல்வதில்லை. இவை நம் பக்கத்தில் உருவான சேர்க்கைகள். ‘ரேடியோ செட்’ மட்டும் அவர்கள் தந்தது. ஆரம்பகால வானொலி தனித்தனி உறுப்புகளைக் கோத்து அமைத்த தொகுதியாக இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

✦ பாய் விரித்துக் கிளம்புவது ஆங்கிலத்தில் ‘செட் செயில்’. கப்பல் நீராவிக்கு மாறி, பாயே இல்லாமல் போன பிறகும் அவர்கள் அந்தச் சொல்லை விடவில்லை. 1926இல் கட்டிய ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதில் போன நகரத்தார் அந்தப் பயணத்துக்கு வைத்த பெயர் ‘கொண்டுவிக்கப் போறது’. சரக்கைக் கொண்டுபோய் விற்ற காலத்தில் உண்டான சொல், வட்டித் தொழிலுக்கு மாறிய பிறகும் நீடித்தது. அங்கே வைத்த வட்டிக்கடைக்கும் பெயர் ‘கடை’தான். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த ‘கிட்டங்கி’ என்ற பொதுக் கட்டடத்தில் நீள வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையும் பெட்டியும் ஒரு கடை. எடுபிடி வேலைக்குப் போகும் சிறுவன் ‘பெட்டியடிப் பையன்’, அவனுக்கு மேலே ‘அடுத்தாள்’, எல்லாருக்கும் மேலே ‘மேலாள்’.

✦ கம்ப்யூட்டர் வருமுன் அச்சகத்தில் ‘டைப் செட்டிங்’ என்றால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக, கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக அடுக்குவது. தமிழில் ‘அச்சுக் கோத்தல்’. தமிழுக்கு எழுத்து அதிகம் என்பதால் கம்பாசிட்டரின் கை ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு அறைகளைத் துழாவ வேண்டும். ராய. சொக்கலிங்கத்தின் ‘ஊழியன்’, சொ. முருகப்பாவின் ‘குமரன்’ போன்ற காரைக்குடிப் பத்திரிகைகள் இப்படிக் கோத்துத்தான் வெளிவந்தன. ‘ஊழிய’னில் புதுமைப்பித்தன் சிறிது காலம் பணியாற்றினார்.

✦ வேகமாகச் சில. தயிர், சிமென்ட், சூரியன், முறிந்த எலும்பு எல்லாமே ஆங்கிலத்தில் ‘செட்’ ஆகும். தமிழில் தயிர் உறையும், சிமென்ட் இறுகும், சூரியன் சாயும், எலும்பு கூடும். அவர்கள் தேதியைச் செட் செய்தால் நாம் நாள் குறிப்போம். அவர்கள் வினாத்தாளைச் செட் செய்தால் நாம் எடுப்போம். பாட்டுக்கு மெட்டுப் போடுவோம், பொறி வைப்போம்.

✦ டென்னிஸில் ஆறு கேம் முதலில் எடுத்து, இரண்டு முன்னிலையும் இருந்தால் ஒரு செட். 2010 விம்பிள்டனில் இஸ்னருக்கும் மஹுவுக்கும் நடந்த ஆட்டத்தின் கடைசி செட் 70–68 என்று முடிந்தது. அந்த ஒரு செட் மட்டும் எட்டு மணி நேரத்துக்கு மேல்.

✦ கல்லூரி வாசலில் பார்க்கும் ‘செட் தேர்வு’ இந்தச் சொல்லே அல்ல. உதவிப் பேராசிரியர் வேலைக்கான மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கில முதலெழுத்துகள் அவை.

✦ ‘இந்தக் கலர் உனக்குச் செட் ஆகல’, ‘எனக்கும் அவருக்கும் செட் ஆகாது’ என்பவை நம் பேச்சு வழக்குகள். பொருந்துதல், ஒத்துப்போதல் என்ற பொருளில் நாம் செட்டைப் புழங்குகிறோம். ‘அவன் எங்க செட்டு’ என்றால் கூடப் படித்தவன். இந்தப் பொருள் ஆங்கிலத்திலும் உண்டு. கூடிப் பழகும் வட்டாரத்தை அவர்களும் செட் என்பார்கள். விமானத்தில் ஊர் ஊராகப் பறந்த பணக்காரக் கூட்டத்துக்கு 1950களில் ‘ஜெட் செட்’ என்று பெயர் வந்தது அப்படித்தான்.

✦ கணக்கில் செட்டை ஒரு பெரிய துறையாக்கியவர் ஜெர்மானியரான கியோர்க் கான்டர். தொடக்கம் 1874. நம் ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் அது ‘கணம்’. அந்தப் பாடத்தின் பெயர் ‘கண மொழி’. இலங்கைத் தமிழ் மாணவர்கள் அதையே ‘தொடை’ என்று படிக்கிறார்கள். தொடுத்தது தொடை, மாலைக்கும் செய்யுளின் எதுகை மோனைக்கும் உரிய பழஞ்சொல். உறுப்பே இல்லாத செட் காரைக்குடிப் பள்ளியில் ‘வெற்றுக் கணம்’, யாழ்ப்பாணப் பள்ளியில் ‘சூனியத் தொடை’.