உழவர் கண்ணோடு நீலகிரியைப் பார்ப்போம்

அறுவடை முடிந்து கையில் நாலு காசு நிற்கும்போது குடும்பத்தோடு மலைக்குப் போய்வர வேண்டும் என்ற ஆசை உழவர்களுக்கும் உண்டு. நீலகிரிக்கு வருவோர் பெரும்பாலும் உதகை ஏரியில் படகு விட்டு, பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். மண்ணோடு பழகியவர்கள் அதற்கு மேலும் பார்க்கலாம். மலையின் அழகுக்கும் நம் வாய்க்காலில் ஓடும் நீருக்கும் உள்ள தொடர்பை அங்கே நேரில் காணலாம். மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, குன்னூர், உதகை வழியாகச் சென்று கோத்தகிரி வழியாக இறங்குவது இரண்டு நாள் பயணத்துக்கு ஏற்ற வழி.

ஏற ஏற மாறும் பயிர்கள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை சுமார் 2,200 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். ஆகவே 46 கிலோமீட்டர் ரயில் பாதையில் பாக்குத் தோப்பில் தொடங்கி, தேயிலை, உருளைக்கிழங்கு, காரட் என்று பயிர்கள் மாறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். கல்லாறு முதல் குன்னூர் வரை செங்குத்தான ஏற்றத்தில் பல்சக்கரத்தின் உதவியால் ஏறும் இந்த மலை ரயில் 1908-இல் உதகையை எட்டியது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இருக்கைகள் குறைவு, முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

பேருந்தில் செல்வோர் பாதி வழியில் பர்லியாறு அரசு தோட்டக்கலைப் பண்ணையைப் பார்க்கலாம். 1871-இல் தொடங்கப்பட்ட இப்பண்ணையில் ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் மரங்களைக் காணலாம். உயர்ந்த மரங்களின் நிழலில் நடுத்தர மரங்கள், மரங்களின் மேல் படரும் மிளகு என்று ஒரே நிலத்தில் பல அடுக்குகளாகப் பயிர் செய்யும் முறையை நன்கு கவனிக்க வேண்டும். நம் தென்னந்தோப்புகளில் பாசன வசதிக்கு ஏற்ப ஊடுபயிர் அமைக்க இது நல்ல பாடம்.

குன்னூரும் கேத்திப் பள்ளத்தாக்கும்

குன்னூரில் சிம்ஸ் பூங்கா 1874-இல் உருவாக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், நிலம் கிடந்த போக்கிலேயே மரங்களை வளர்த்திருப்பது இதன் தனிச் சிறப்பு. மே மாதத்தில் இங்கு பழக் கண்காட்சி நடைபெறும்.

குன்னூரிலிருந்து உதகை செல்லும் வழியில் கேத்திப் பள்ளத்தாக்கு கண்ணுக்கு விருந்து. படிப்படியாக அமைந்த காய்கறித் தோட்டங்கள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தெரியும். சற்று உற்றுப் பாருங்கள். சில தோட்டங்களில் படிகள் சரிவுக்குக் குறுக்கே, உட்புறம் சற்றுத் தாழ்வாக அமைந்திருக்கும். அங்கு மழை நீர் உட்பக்க வடிகாலில் இறங்கி மெல்ல வெளியேறும். வேறு சில நிலங்களில் வரிசைகள் மேலிருந்து கீழாக இறங்கும். மழை வந்தால் அந்த வரிசைகளே வாய்க்காலாகி மேல் மண்ணை அடித்துக்கொண்டு போகும்.

இந்த வேறுபாட்டின் விலை சிறிதல்ல. 2009 நவம்பரில் பெய்த கனமழையில் இம்மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் நிலம் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காட்டை அழித்தல், சரிவைத் தோண்டிக் கட்டடம் எழுப்புதல், நீர் வடியும் வழியை அடைத்தல் ஆகியவை இத்தகைய சேதத்தைப் பெருக்குகின்றன. சமவெளியில் மானாவாரி நிலம் வைத்திருப்போருக்கும் இப்பாடம் பொருந்தும். சிறிய சரிவானாலும் குறுக்கே உழுது, குறுக்கே வரப்புப் போட்டால் மண்ணும் தங்கும், ஈரமும் தங்கும்.

உதகைத் தாவரவியல் பூங்கா

தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் 22 எக்டேர் பரப்பில் உள்ள இப்பூங்கா 1848-இல் தொடங்கப்பட்டது. இதை அமைத்தவர் மக்ஐவர் என்ற பிரிட்டிஷ் தோட்டக்கலை நிபுணர். 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கணிக்கப்படும் கல்லாகிப்போன மரம் ஒன்றை இங்கே காணலாம். மே மாத மலர்க் கண்காட்சி புகழ்பெற்றது. ஆனால் அப்போது கூட்டமும் அறை வாடகையும் மிகுதி.

சோலையும் புல்வெளியும்

உதகையிலிருந்து கூடலூர் சாலையில் பைக்காரா செல்லும் வழி தவறாது பார்க்கத்தக்கது. மலையின் மடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலைக் காடு. மேட்டில் புல்வெளி. பலர் இதை வெறும் காட்சியாகவே பார்க்கின்றனர். உண்மையில் இது இயற்கை அமைத்த நீர்த் தொட்டி. புல்லின் வேரும் சோலையின் இலைமக்கும் மழை நீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்து, மழை நின்ற பின்னும் மாதக்கணக்கில் ஓடையாகக் கசிய விடுகின்றன.

அந்த ஓடைகள் சேர்ந்ததே பைக்காரா ஆறு. அருவியாய் விழுந்து, மின்சாரம் தந்து, கீழே மாயாறாகிப் பவானியில் கலக்கிறது. பவானிசாகர் அணையில் தேங்கி, கீழ்பவானி வாய்க்கால் வழியாக 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. ஈரோட்டுப் பக்கத்து மஞ்சளும் நெல்லும் விளைவது இந்தப் புல்வெளியின் தயவால்தான். இங்கே தீ வைப்பதும் குப்பை போடுவதும் நம் மடையை நாமே அடைப்பதற்குச் சமம்.

தொட்டபெட்டாவும் கோடநாடும்

திரும்பும்போது கோத்தகிரி சாலையில் தொட்டபெட்டா சிகரம் ஏறலாம். 2,637 மீட்டர் உயரமுள்ள இதுவே நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம். கோத்தகிரிக்கு அப்பால் கோடநாடு காட்சிமுனையில் நின்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு காலடியில் விரியும். வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் பவானிசாகர் நீர்ப்பரப்பும் தெரியும். மேலே பெய்த மழை கீழே எங்கு போய்ச் சேர்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்ட இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

விதைக் கிழங்கு வேண்டாம்

ஊர் திரும்பும்போது சிலர் உருளைக்கிழங்கை விதைக்கென்று வாங்கி வருகின்றனர். இது கூடவே கூடாது. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. கடுகைவிடச் சிறிய ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கே இல்லாத நிலத்திலும் அவை பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண், செடியின் வேர், செருப்பின் சேறு ஆகியவற்றின் மூலம் பரவும். எனவே விதைக் கிழங்கை இம்மாவட்டத்தை விட்டு வெளியே கொண்டு செல்ல அரசுத் தடை உள்ளது. சமையலுக்கு வாங்கும் கிழங்கை மண் நீக்கி வாங்குங்கள். கழுவிய நீரையும் தோலையும் தோட்டத்தில் கொட்டாதீர்கள். வேர்மண்ணோடு செடி எதையும் பிடுங்கி வராதீர்கள்.

பயணம் செல்வோர் கவனத்திற்கு

1. கூட்டமும் மழையும் குறைந்த மாசி மாதம் சிக்கனப் பயணத்துக்கு ஏற்றது. அருவியில் நீர் நிறைந்து விழுவதைக் காண விரும்புவோர் ஆவணி, புரட்டாசியில் செல்லலாம்.

2. ஐப்பசி, கார்த்திகையில் மலைச்சாலையில் மண்சரிவு நேரும். வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

3. மார்கழி, தையில் உறைபனி கடுமையாக இருக்கும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கம்பளி அவசியம்.

4. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ செல்வோர் விதிமுறையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

5. பிளாஸ்டிக் பைகளுக்கும் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் மலையில் தடை உண்டு. துணிப்பையும் எவர்சில்வர் கூஜாவும் எடுத்துச் செல்லுங்கள்.

மலையிலிருந்து மண்ணையும் விதைக் கிழங்கையும் கொண்டு வராமல், சரிவில் மண்ணைக் காக்கும் முறையையும் அடுக்குப் பயிர் செய்யும் யோசனையையும் கொண்டு வந்தால், பயணத்துக்குச் செலவழித்த பணம் வரும் பட்டத்திலேயே பயன் தரத் தொடங்கும்.