வாழச் சிறந்த ஊர் எது?

‘வாழ்வதற்குச் சிறந்த ஊர் எது?’ என்று கொங்கு நாட்டில் ஒரு பட்டிமன்றம் வைத்தால், நடுவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்வது கடினம். கோவைக்காரர் சிறுவாணித் தண்ணீரையும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் குளிர்ந்த காற்றையும் சொல்வார். திருப்பூர்க்காரர், “வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாத ஊர் எங்களுடையது” என்பார். பொள்ளாச்சிக்காரர் தென்னந்தோப்பைக் காட்டுவார். ஈரோட்டுக்காரர் மஞ்சள் மண்டியைக் காட்டுவார். சேலத்துக்காரர் கொங்கு நாட்டவரா இல்லையா என்பதற்குத் தனியாக ஒரு பட்டிமன்றம் தேவைப்படும்.

சென்ற ஆண்டு எங்கள் விடுதி மொட்டை மாடியில், மின்சாரம் நின்றுபோன ஓர் இரவில், இந்தச் சண்டை நடந்தது. கடைசியில் நண்பர்கள் என் பக்கம் திரும்பி, “நீ புள்ளியியல் படிக்கிறவனாயிற்றே, கணக்குப் போட்டுச் சொல்” என்றார்கள். என்னால் வாய் திறக்க முடியவில்லை. ஏனென்றால் அதே கேள்வி அப்போது எங்கள் வீட்டில் விளையாட்டாக இல்லாமல் நிஜமாகவே எழுந்து நின்றது. காங்கேயத்துப் பக்கம் நொய்யல் கரையோரச் சிற்றூரிலேயே இருப்பதா, அக்காள் வேலை செய்யும் திருப்பூருக்குக் குடிபோவதா, நான் படிக்கும் கோவைக்கு வருவதா என்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் எந்த மாநிலம் வாழச் சிறந்தது என்னும் வாதத்திற்கு வயது தொண்ணூறுக்கு மேலாகிறது. 1931-ஆம் ஆண்டு ஹெச்.எல். மென்கென் என்னும் பத்திரிகையாளரும் சார்லஸ் ஆங்காஃப் என்பவரும் ‘அமெரிக்கன் மெர்க்குரி’ என்னும் இதழில் ஒரு தொடர் கட்டுரை எழுதினர். செல்வம், கல்வி, உடல்நலம், பொது ஒழுங்கு என்று பல துறைகளிலும் மாநிலங்களை வரிசைப்படுத்தி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மாசசூசெட்ஸ் முதலாவது என்றும் மிசிசிப்பி கடைசி என்றும் தீர்ப்புக் கூறினர். கட்டுரையின் தலைப்பே ‘மிக மோசமான அமெரிக்க மாநிலம்’ என்பதுதான்! மென்கென் தம் சொந்த மாநிலமான மேரிலாந்துக்கு முதலிடம் கொடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் விடுதிப் பட்டிமன்றத்தில் அந்த நேர்மை ஒருவரிடமும் இல்லை.

நம் நாட்டில் இவ்வேலையை மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் செய்தது. 2018-இல் 111 நகரங்களைக் கொண்ட முதல் பட்டியல் வந்தது. அதில் புனே முதலிடம். 2020-ஆம் ஆண்டுக்கான பட்டியல் 2021 மார்ச்சில் வெளியாயிற்று. இம்முறை பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களைத் தனியே பிரித்தனர். அந்த 49 நகரங்களுள் பெங்களூரு முதலிடமும், சென்னை நான்காம் இடமும், நமது கோயம்புத்தூர் ஏழாம் இடமும் பெற்றன. மக்கள்தொகை குறைந்த நகரங்களுள் சிம்லா முதலாவது; சேலம் ஐந்தாவது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2020-இல் முதலாவதாக வந்த அதே பெங்களூரு, 2018-இல் 58-ஆம் இடத்தில் இருந்தது! இரண்டே ஆண்டுகளில் ஒரு மாநகரம் அவ்வளவு நல்லதாகிவிடுமா? ஆகாது. மாறியது பெரும்பாலும் அளவுகோல்தான். 2018-இல் சாலை, குடிநீர், வீடு போன்ற கட்டமைப்புக்கு 45 பங்கும், நிர்வாகத்துக்கு 25 பங்கும், கல்வி, மருத்துவம் போன்ற சமூக வசதிக்கு 25 பங்கும் கொடுத்துப் பொருளாதாரத்துக்கு வெறும் 5 பங்கு ஒதுக்கினர். 2020-இல் வாழ்க்கைத் தரத்துக்கு 35, பொருளாதார வலிமைக்கு 15, நீடித்த தன்மைக்கு 20 என்று மாற்றி, மீதி 30 பங்கை ‘உங்கள் ஊர் எப்படி இருக்கிறது?’ என்று மக்களையே கேட்டுப் பெற்ற பதிலுக்குக் கொடுத்தனர். பொருளாதார வலிமையில் பெங்களூரு மற்றெல்லா நகரங்களையும் வெகுவாக முந்தியிருந்தது. அதற்குரிய பங்கு 5-இலிருந்து 15 ஆனதும், அதன் இடம் மேலேறுவதில் வியப்பென்ன?

இதற்குப் புள்ளியியலில் ‘நிறையிட்ட சராசரி’ என்று பெயர். எந்தப் பொருளுக்கு எவ்வளவு நிறை என்பதை எந்தச் சூத்திரமும் நமக்குச் சொல்லித் தராது. அதை ஒரு மனிதர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். தீர்மானித்த பிறகுதான் கணக்கு ஆரம்பமாகிறது. பட்டியலைப் பார்க்கிறவர்களோ கணக்கை மட்டும் பார்த்துவிட்டுக் கைதட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னொரு சான்று இருக்கிறது. மாநில அரசின் 2017-ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் மாவட்டங்களுள் கன்னியாகுமரி முதலாவது, விருதுநகர் இரண்டாவது. அடுத்த ஆண்டே, அதாவது 2018-இல், நாட்டிலேயே தனிக் கவனம் கொடுத்து முன்னேற்ற வேண்டிய மாவட்டங்கள் என்று மத்திய அரசு தேர்ந்தெடுத்தவற்றுள் தமிழ்நாட்டுக்கு இரண்டு இடம். ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று அதே விருதுநகர்! வேறு வேறு கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே மாவட்டத்தைப் பார்த்ததன் விளைவு இது. எங்கள் வகுப்பில் விருதுநகர் மாவட்டத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். “உங்கள் ஊர் எப்படி?” என்றால், “எந்த வருஷத்து அறிக்கைப்படி?” என்று கேட்பார்.

இப்பொழுது எங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

அப்பா காங்கேயத்தில் தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறார். அம்மா ஆடுகளைக் கொறங்காட்டில் மேய்க்கிறார். அக்காள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். என் விடுதிக் கட்டணம் அவள் சம்பளத்தில்தான் கட்டப்படுகிறது. கம்பெனி வேனில் காலை ஆறரைக்கு ஏறினால், ஒன்றரை ஷிப்ட் இருக்கும் நாட்களில் வீடு வந்துசேர இரவு பத்தரை ஆகிவிடும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், எனக்குத் தெரிந்த வழியில் இதைத் தீர்க்கலாம் என்று பொங்கல் விடுமுறையில் முயன்றேன்.

திண்ணையில் ஐந்து கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்தேன். வருமானம், தண்ணீர், படிப்பும் வைத்தியமும், போக்குவரத்து, சொந்தபந்தம் என்று அவற்றுக்குப் பெயர். ஆளுக்கு இருபது புளியங்கொட்டை. எது முக்கியமோ அதில் அதிகம் போட வேண்டும். அதற்கு முன்பே மூன்று ஊர்களுக்கும் ஒவ்வொன்றிலும் பத்துக்கு இத்தனை என்று ஐவரும் பேசி மதிப்பெண் போட்டுவிட்டோம். தண்ணீரில் எங்கள் ஊருக்கு 3, அக்காளின் தோழி குடியிருக்கும் லைன் வீட்டை நினைத்துத் திருப்பூருக்கும் 3, கோவைக்கு 7. வருமானத்தில் திருப்பூருக்கு 9.

அப்பா பாதிக் கொட்டையை வருமானத்தில் போட்டார். நான் பாதியைப் படிப்பில் போட்டேன். அக்காள் ஒன்றும் பேசாமல் பதினொன்றைப் போக்குவரத்தில் போட்டாள். அம்மா தண்ணீரில் எட்டு வைத்தார். அப்பத்தாள் எல்லோரும் முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, இருபதையும் அள்ளித் தண்ணீர்க் கொட்டாங்குச்சியில் கொட்டிவிட்டார்.

“அப்படிப் போடக் கூடாதுங் அப்பத்தா, எல்லாத்துக்கும் பிரிச்சுப் போடோணும்” என்றேன்.

“எனக்குக் குடுத்தது என்னுதுதான சாமி?” என்றார்.

பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன். ஆயிரத்துக்குக் கோவை 643, திருப்பூர் 603, எங்கள் ஊர் 317. அப்பத்தாளின் கொட்டைகளை மட்டும் நீக்கிவிட்டால் திருப்பூர் 543, கோவை 503. ஆக, ஊரைவிட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும் அப்பத்தாள் போட்ட கொட்டைதான் கோவையை ஜெயிக்க வைத்தது! இதைச் சொன்னபோது வீடே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“அங்க தண்ணி நல்லாத்தான் இருக்கும். அது நமக்கு மேல இருக்கற ஊரு. கழுவி ஊத்தறதெல்லாம் எங்க வருது, நம்ம கெணத்துக்குத்தான?”

இதை விளங்கிக்கொள்ள நொய்யலின் கதையைச் சற்று சொல்ல வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையைக் கடந்து, திருப்பூரைக் கடந்து, பின்பு எங்கள் பக்கம் வந்து, கடைசியில் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. நான் மேலே ஒப்பிட்ட மூன்று ஊர்களும் ஒரே ஆற்றின் மேல், மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கின்றன. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992-இல் திறக்கப்பட்டது. திருப்பூரில் சாயத் தொழில் பெருகவே, அந்த அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அப்பத்தாளுக்கு ஆற்றோரமாக மூன்று ஏக்கரும் ஒரு கிணறும் இருந்தன. நான் பிறப்பதற்கு முன்பே கிணறு உப்பாகித் தென்னைகள் குருத்து வாடிவிட்டன. அதன் பிறகுதான் அப்பா களத்து வேலைக்குப் போனார்.

விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். இழப்பீட்டை மதிப்பிட அமைந்த ஆணையம் 2004-இல், 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.79 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. பெரிய தொகையாகத் தோன்றும். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-இல் விவசாயிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. அதன் பின்னும் ஆறு தெளியாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பட்டறைகளே மீண்டும் இயங்கின. அவை மூடியிருந்த நாட்களில் எத்தனை பனியன் தொழிலாளர் வேலையின்றித் தவித்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது. திருப்பூரைத் திட்டுவது எனக்கு எளிதன்று. இன்று நான் உண்ணும் விடுதிச் சோறு அந்த ஊர் போட்டது.

ஆனால் ஒரு புள்ளியியல் மாணவனாக எனக்கு இங்கே ஒன்று உறைத்தது. நகரப் பட்டியல் மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறது. ஓர் ஊரின் வருமானம் அதன் எல்லைக்குள் எண்ணப்படுகிறது. அதன் கழிவு எல்லையைத் தாண்டி, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஊருக்குப் போய்விடுகிறது. அந்த 111 நகரங்களில் எங்கள் ஊர் இல்லை, இருக்கவும் முடியாது. கோவைக்கு நாங்கள் போட்ட 7-உம் முழுக்கக் கோவையுடையதன்று. சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில்.

இன்னொன்றும் உண்டு. கூட்டுச் சராசரியில் ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகுதி மறைத்துவிடும். வருமானம் 90, தண்ணீர் 10 என்றால் சராசரி 50. இரண்டும் 50 என்றாலும் சராசரி 50. பெருக்குச் சராசரி எடுத்தாலோ முதல் ஊருக்கு 30-தான் வரும், இரண்டாவதற்கு 50. ஐக்கிய நாடுகள் சபை 1990 முதல் வெளியிட்டுவரும் மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டில், 2010-ஆம் ஆண்டு கூட்டுச் சராசரியை விட்டுப் பெருக்குச் சராசரிக்கு மாறியதன் காரணம் இதுதான். ஒன்றில் பூஜ்யம் வாங்கினால் மற்றெதனாலும் ஈடுகட்ட இயலாது. இருபது கொட்டையையும் ஒரே சிரட்டையில் கொட்டிய அப்பத்தாள் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான். நான் அதை விதிமீறல் என்று எண்ணிவிட்டேன்.

சித்திரையில் அம்மாவும் அக்காளும் திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிபோனார்கள். கணக்கில் முதலாவதாக வந்தது கோவைதான். ஆனால் அட்வான்ஸ் கொடுக்க எங்களிடம் இருந்த பணத்துக்குத் திருப்பூரில்தான் வீடு கிடைத்தது. அக்காள் இப்போது ஒன்பது மணிக்கெல்லாம் தூங்குகிறாள். ஆடுகளை விற்கவில்லை, அப்பாதான் களத்து வேலைக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்கிறார். அப்பத்தாள் வீட்டைவிட்டு நகரவில்லை.

மாதம் இருமுறை சனிக்கிழமைகளில் நான் ஊருக்குப் போகும்போது, கோவை நண்பர் ஒருவர் வீட்டுக் குழாயில் ஐந்து லிட்டர் கேனில் சிறுவாணித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறேன். நடத்துனர் சில நாள் முறைப்பார், சில நாள் சிரிப்பார். அப்பத்தாள் அதைப் பித்தளைச் சொம்பில் ஊற்றி, வாசலில் அமர்ந்து மெதுவாகக் குடிக்கிறார். ஞாயிறு மாலை நான் கிளம்பும்போது காலிக் கேனைக் கழுவித் துடைத்துப் பையோடு சேர்த்து வைத்திருப்பார்.