ஒன்பது பைட்டும் ஒரு பெல்ட்டும்

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். லேப் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் ஷிப்ட் முடிந்து வந்து டீயைக் கையில் எடுத்த நேரத்தில், ரெக்கார்டு நோட்டோடு வந்து நின்றாள்.

“மாமா, இந்த 8085 இப்ப எந்த கம்ப்யூட்டர்ல இருக்கு? போன்ல இருக்கிற சிப்பப் படிக்காம, அம்பது வருஷத்துக்கு முந்தினத எதுக்குப் படிக்கணும்?”

நியாயமான கேள்வி. உட்காரச் சொல்லி அவளுக்கும் ஒரு டீ போடச் சொன்னேன். பரணில் நான் படித்த காலத்து 8085 மைக்ரோபிராசஸர் கிட் ஒன்று இருக்கிறது. தூசி தட்டி எடுத்து வந்து பவர் சப்ளையை மாட்டினேன். சிவப்பு எழுத்துகள் எரிந்தன.

“எட்டும் அஞ்சும் கூட்டணும். போடு பார்க்கலாம்.”

அவள் 4100 என்ற முகவரியிலிருந்து ஒவ்வொரு பைட்டாக அழுத்தினாள். 3ஈ, 08. நெக்ஸ்ட். 06, 05. பிறகு 80. அதுதான் கூட்டல். அடுத்து 32, 00, 42. கடைசியில் நிறுத்துவதற்கு 76. மொத்தம் ஒன்பது பைட். ஓடவிட்டு, ரீசெட் செய்து, 4200-ஐத் திறந்தால் 0டி. ஹெக்ஸில் பதின்மூன்று.

“இதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்ல முடியுமா?” என்றேன். சொன்னாள். ஏ ரெஜிஸ்டரில் எட்டு உட்கார்ந்தது, பி-யில் ஐந்து, இரண்டும் கூடி விடை மறுபடி ஏ-யில், அங்கிருந்து 4200-க்கு. கடிகாரத் துடிப்புகளையும் கூட்டினாள்: ஏழு, ஏழு, நான்கு, பதின்மூன்று, ஐந்து. ஆக 36. நொடிக்குச் சுமார் 30 லட்சம் துடிப்பு என்றால், மொத்த வேலையும் ஏறக்குறைய 12 மைக்ரோ நொடி. 6,500 டிரான்சிஸ்டர் கொண்ட ஒரு சிப்பின் ஒவ்வொரு அசைவையும் இரண்டாம் ஆண்டு மாணவி விரல்விட்டு எண்ணிவிட்டாள். உன் போனில் இருக்கும் சிப்பை இப்படி முழுதாக மனதில் வைத்திருக்கும் மனிதர் ஒருவர்கூடக் கிடையாது என்றேன். 1976-ல் வந்த சிப்பை இன்னும் லேபில் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

“ஆனா 4200-ஐ ஏன் திருப்பிப் போடறோம்? 00 முதல்ல, 42 அப்புறம்?”

இதைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பெரும்பாலோர் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். டேட்டாபாயிண்ட் 2200 என்று ஒரு பழைய அமெரிக்க டெர்மினல். அது எண்களை ஒரே கம்பியில் ஒவ்வொரு பிட்டாக அனுப்பிக் கூட்டும். கூட்டல் என்றால் ஒன்றாம் தானத்திலிருந்துதானே தொடங்கணும்? அதனால் சிறிய பாதி முதலில் வரவேண்டியிருந்தது. அந்த டெர்மினலுக்காக வடிவமைத்ததுதான் 1972-ல் வந்த இன்டெலின் 8008. அதன் பழக்கம் 8080-க்கு வந்தது, 8085-க்கு வந்தது, 1978-ல் 8086-க்கும் போனது. இன்று நம் மடிக்கணினியில் இருக்கும் இன்டெல் சிப்பும் எண்ணை அப்படியேதான் அடுக்கி வைக்கிறது.

எல்லாவற்றுக்கும் மூத்தது 4004. பிசிகாம் என்ற ஜப்பானியக் கம்பெனி கால்குலேட்டருக்குச் சிப் செட் கேட்டு இன்டெலிடம் வந்தது. கால்குலேட்டருக்கென்றே பல சிப் செய்வதைவிட, சொன்னதைச் செய்யும் பொதுவான ஒரு சிப் செய்துவிடலாம் என்பது இன்டெலில் இருந்த டெட் ஹாஃபின் யோசனை. அதைச் சிலிக்கானில் நிஜமாக்கியவர் ஃபெடரிகோ ஃபாஜின். சிப்பின் ஓரத்தில் தன் பெயரின் இரண்டு முதல் எழுத்துகளைப் பொறித்து வைத்தார். 1971 நவம்பரில் அது விற்பனைக்கு வந்தது, 2,300 டிரான்சிஸ்டர்களோடு. கரி மைன்ஸும் அனல் மின் நிலையமும் உள்ள நம் ஊரில், முதல் நிலையத்தின் முதல் டர்பைன் அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1962-லேயே சுற்றத் தொடங்கிவிட்டது. அதாவது அந்த டர்பைனை மைக்ரோபிராசஸர் இல்லாமல்தான் ஓட்டினார்கள், முள் அசையும் மீட்டர்களையும் ரிலேக்களையும் வைத்துக்கொண்டு.

பிறகு எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. இன்டெலின் 386-ல் 2,75,000. 486-ல் 12 லட்சம். 1993-ல் பென்டியத்தில் 31 லட்சம். 2020-ல் ஆப்பிளின் எம்1 சிப்பில் 1,600 கோடி.

“இவ்வளவு டிரான்சிஸ்டரையும் வெச்சு என்ன செய்யறாங்க மாமா? கூட்டலுக்கு ஆறாயிரம் போதுமே?”

அங்கேதான் நம் மைன்ஸ் உதவிக்கு வருகிறது. பக்கெட் வீல் வெட்டின கரி பெல்ட்டில் ஏறி, டிரான்ஸ்ஃபர் பாயிண்டில் அடுத்த பெல்ட்டுக்கு மாறி, பாய்லருக்காகக் கரியைச் சேர்த்து வைக்கும் பங்கருக்குப் போகிறது. முதல் வாளிக் கரி பங்கரில் விழுந்த பிறகுதான் அடுத்த வாளி வெட்டுவேன் என்று சக்கரம் காத்திருந்தால் பாய்லர் என்றைக்கோ அணைந்திருக்கும். 8085 பெரும்பாலும் அப்படிக் காத்திருக்கும் சிப்தான். ஓர் ஆணையை எடுத்து, என்னவென்று படித்து, செய்து முடித்த பிறகே அடுத்தது. 1989-ல் வந்த 486-ல் ஐந்து கட்டமுள்ள பெல்ட் ஓடியது. ஓர் ஆணை செய்யப்படும்போதே அடுத்தது படிக்கப்படும், அதற்கடுத்தது எடுக்கப்படும். ஒரு கூட்டலுக்கு ஆகும் நேரம் குறையவில்லை, ஆனால் துடிப்புக்கு ஒன்று வீதம் விடை வந்து விழத் தொடங்கியது. பென்டியத்தில் இரண்டு பெல்ட் பக்கத்தில் பக்கத்தில்.

பெல்ட்டுக்கு ஒரு தொல்லை உண்டு. ‘விடை சைபர் என்றால் அங்கே போ, இல்லையென்றால் இங்கே போ’ என்று ஓர் ஆணை வந்தால், விடை தெரியும் முன்பே பெல்ட்டில் எதையாவது ஏற்றியாக வேண்டும். சிப் ஊகித்து ஏற்றுகிறது. கரி வரும் என்று பங்கர் பக்கம் திருப்பிவிட்ட பெல்ட்டில் மேல்மண் வந்தால் என்ன ஆகும்? மொத்தத்தையும் வழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கணும். சரியாக ஊகிப்பதற்கென்றே, பழைய போக்கை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு தனிப் பகுதி இன்றைய சிப்பில் இருக்கிறது.

பங்கரும் இருக்கிறது. பங்கர் எதற்கு? மைன்ஸில் ஒரு பெல்ட் அறுந்தாலும் பாய்லருக்குச் சில மணி நேரம் கரி போகவேண்டும் என்பதற்கு. பிராசஸரும் மெமரியும் ஒரே வேகத்தில் வளரவில்லை. இன்றைய சிப், மெமரிக்கு ஆள் அனுப்பி ஒரு எண்ணை வாங்கி வருவதற்குள் சில நூறு துடிப்பு வீணாகப் போய்விடும். அதனால் அடிக்கடி வேண்டியதைப் பக்கத்திலேயே குவித்து வைக்கிறார்கள். அதுதான் கேஷ். 486-ல் அது 8 கிலோபைட். இன்று பல மெகாபைட். பல சிப்புகளின் பரப்பில் கணக்குப் போடும் இடத்தைவிட அதிகமாகத் தின்பது இந்தப் பங்கர்தான்.

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று போடச் சொன்னேன். அடுத்த விஷயம் சூடு, அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

டிரான்சிஸ்டர் மாறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்னூட்டம் நிரம்பிக் காலியாகிறது. அது சூடாகப் போகும். அந்தச் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கும் துடிப்பின் வேகத்துக்கும் ஏற்பக் கூடும். 8085-க்கு 5 வோல்ட். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்க ஆக்க வோல்டேஜையும் குறைக்க முடிந்தது. வோல்டேஜ் பாதியானால் சூடு கால்வாசி. அந்த மிச்சத்தை வைத்துத்தான் முப்பது வருஷம் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் கூட்டாளிகளும் 1974-லேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார்கள்.

ஒரு வோல்ட் பக்கம் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. பிளாண்டில் ‘வால்வு பாஸ் ஆகுது’ என்போமே, மூடியிருந்தும் உள்ளே கசிந்துகொண்டிருக்கும், அதுபோல அணைத்து வைத்த டிரான்சிஸ்டரும் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கியது. 2004 கடைசியில் வந்த பென்டியம் 4 ஒன்று 3.8 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. 31 கட்ட பெல்ட். சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 115 வாட் சூடு. வீட்டு அயர்ன் பாக்ஸின் தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தாறு வாட்தான் வரும். நம் கூலிங் டவர் எவ்வளவு உயரம் என்று தினம் பார்க்கிறோம். சூட்டை வெளியேற்ற வழியில்லை என்றால் எவ்வளவு கரி இருந்தும் டர்பைன் ஓடாது. சிப்புக்கும் அதே கதி வந்தது. ஒரே மூளையை விரட்டுவதை விட்டுவிட்டு, 2005 முதல் நிதானமாக ஓடும் இரண்டு, நான்கு மூளைகளை ஒரே சிப்பில் வைக்க ஆரம்பித்தார்கள். இருபது வருஷம் ஆகியும் கிகாஹெர்ட்ஸ் எண் இரண்டு மடங்காகக்கூட ஏறவில்லை.

“அப்ப நாம செய்யற சிப்பு?” என்றாள். சென்னை ஐஐடிக்கு ஒருமுறை போய்வந்தவள், ‘சக்தி’ என்ற பெயரைக் கேட்டிருக்கிறாள்.

ஒரு சிப்புக்கு என்னென்ன ஆணை புரியும் என்ற பட்டியலே ஒரு சொத்து. இன்டெலின் பட்டியலை நினைத்தவர் எடுத்துக்கொள்ள முடியாது, ஆர்ம் கம்பெனியின் பட்டியலுக்கு உரிமத் தொகை கட்டணும். 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்ற பட்டியலைத் தொடங்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அதன் அடிப்படை ஆணைகள் ஐம்பதுக்குள். அதை எடுத்து, பேராசிரியர் காமகோடியின் குழு சென்னை ஐஐடியில் வடிவமைத்ததுதான் சக்தி. வடிவமைப்பையும் திறந்தே வைத்தார்கள். 2018-ல் முதல் சிப்பை அமெரிக்காவில் இன்டெலின் ஆலையில் 22 நானோமீட்டரில் அச்சிட்டார்கள். அதே ஆண்டு இன்னொன்றைச் சண்டிகர் அருகே உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வுக்கூடத்தில் 180 நானோமீட்டரில் செய்தார்கள். 2025-ல் இஸ்ரோவோடு சேர்ந்து சக்தியை வைத்து ஐரிஸ் என்ற சிப். அச்சு சண்டிகரில், உறை போட்டது கர்நாடகத்தில், பலகை குஜராத்தில், பொருத்தியது சென்னையில்.

180 நானோமீட்டர் என்பது உலகம் 1999-லேயே தொட்ட அளவு. அந்தச் சண்டிகர் கூடம் 1989-ல் தீயில் எரிந்து, இழந்த வருஷங்களை இன்னும் முழுக்க மீட்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ராக்கெட்டுக்கு வேண்டியது வேகமல்ல, கதிர்வீச்சிலும் அதிர்விலும் தடுமாறாத நம்பகம். பெரிய டிரான்சிஸ்டர் அங்கே குறையே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசிக் கம்பிவரை நமக்குத் தெரிந்த சிப் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதே கூட்டலை ரிஸ்க்-ஃபைவில் எழுதிக் காட்டினேன். முதல் வரியில் எட்டு, இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் ‘ஆட் ஏ0, ஏ0, ஏ1’. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“8085-ல ‘ஆட் பி’ன்னாலே போதும், விடை தானா ஏ-க்குப் போயிரும். இதுல மூணு பேரு இருக்கே?”

“எங்கேருந்து எடுக்கணும், எங்கே வைக்கணும்னு நீதான் சொல்லணும். தனிச் சலுகை உள்ள ஏ ரெஜிஸ்டர் இதில் கிடையாது. முப்பத்திரண்டு ரெஜிஸ்டர். அதில் முதலாவது மட்டும் எப்பவும் சைபர்.”

“நாம அதுல வேற எண்ண எழுதினா?”

“எழுதலாம். படிச்சுப் பார்த்தா சைபர்தான் இருக்கும்.”

“அப்படி ஒண்ணு எதுக்கு?”

“ஒரு எண்ணை ஒரு ரெஜிஸ்டரிலிருந்து இன்னொண்ணுக்கு மாத்தணும். ‘மூவ்’னு தனி ஆணை இதில் இல்லை. எப்படிச் செய்வே?”

பென்சிலை உதட்டில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு குனிந்து, ‘ஆட்’ என்று எழுதி, மூன்றாவது பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சைபரைப் போட்டாள்.