ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு மீன்களும்

பேத்தி பள்ளிக்கூடத்தில் செய்துகாட்ட வேண்டிய சோதனை அது. சமையலறை மேடையில் ஒரு கண்ணாடி டம்ளர், அதில் மொட்டைமாடியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். பக்கத்தில் 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, மூன்று துண்டு ஒயர். இரண்டு ஒயர் நுனிகளைத் தண்ணீருக்குள் விட்டாள். விளக்கு எரியவில்லை.

"பேட்டரி தீந்துபோச்சா தாத்தா?"

"ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாரும்மா" என்றேன்.

போட்டுக் கலக்கினாள். உப்பு கரையக் கரைய, அந்தச் சிவப்புப் பொட்டு மெல்லக் கண் விழித்தது. இன்னொரு சிட்டிகை போட்டதும் பளிச்சென்று எரிந்தது. பேட்டரி அதேதான், ஒயர் அதேதான். மாறியது தண்ணீரின் மின்தடை மட்டும். மழைநீரில் மின்சாரத்தைச் சுமந்துபோக ஆள் இல்லை. உப்பு கரைந்ததும் சோடியம் ஒரு பக்கமும் குளோரைடு இன்னொரு பக்கமுமாக, கோடிக்கணக்கான மின்னூட்டம் பெற்ற துகள்கள் சுமை தூக்கக் கிளம்பிவிட்டன.

எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. தள்ளுகிற அழுத்தம் எவ்வளவு, எதிரே நிற்கிற தடை எவ்வளவு. அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம். ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கியோர்க் ஓம் 1827-ல் இதைப் புத்தகமாக எழுதினார். இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அவர் பெயர் தெரியும். ஆனால் மனிதன் இந்தக் கணக்கைக் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பே, இரண்டு மீன்களின் உடம்பில் அது எழுதப்பட்டிருந்தது. ஒன்று ஆற்றில், மற்றொன்று கடலில். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் கைகள் தாமாகக் கூம்புகின்றன.

முதலாவது, தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ ஆறுகளில் வாழும் மின்விலாங்கு. பெயர்தான் விலாங்கு, உறவுமுறையில் கெளுத்திக்கே நெருக்கம். இரண்டு மீட்டருக்கும் மேல் வளரும். அதன் உடம்பில் ஐந்தில் நான்கு பங்கு மின் உறுப்புகளே. வயிறு, குடல் எல்லாம் தலைக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் ஒடுங்கிக்கொள்கின்றன. மீதி நீளம் முழுவதும் மெல்லிய தட்டுகளாக அடுக்கப்பட்ட செல்கள்.

ஒரு தட்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். சும்மா இருக்கும்போது அதன் இரண்டு முகங்களிலும் மின்னழுத்தம் உண்டு. ஆனால் இரண்டும் எதிரெதிராகத் தள்ளுவதால், சம பலமுள்ள இருவர் இழுக்கும் கயிறு போல எதுவும் அசையாது. நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் ஒரு முகத்தில் மட்டும் சோடியத்துக்கான வாசல்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த முகம் தலைகீழாகப் புரள, இதுவரை எதிர்த்துத் தள்ளிய இரண்டும் இப்போது ஒரே திசையில் தள்ளுகின்றன. கிடைப்பது சுமார் 0.15 வோல்ட். டார்ச்சில் போடும் ஒரு பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு!

அந்தச் சொற்பத்தை வைத்து என்ன செய்வது? டார்ச்சில் நாம் செய்வதைத்தான். ஒன்றன் பின் ஒன்றாக அடுக்குவது. வாலிலிருந்து தலைவரை 5,000-க்கும் மேற்பட்ட தட்டுகள் தொடர் இணைப்பில் நிற்கின்றன. 0.15 வோல்ட்டுகள் கூடிக் கூடி 600 வோல்ட்டைத் தாண்டுகின்றன. பிரேசிலில் பிடிபட்ட ஒரு மீனில் 860 வோல்ட் அளந்ததாக 2019-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம் வீட்டுச் சுவரில் வருவது 230.

தேர்வடம் பிடிப்பவர்கள் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் நகரும். இங்கேயும் அப்படித்தான். மின்துடிப்பு நீடிப்பது நொடியில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் அத்தனை தட்டுகளும் ஒன்றாக எழ வேண்டும். மூளையிலிருந்து செய்தி வரவேண்டிய தூரமோ தலைப்பக்கத் தட்டுக்குக் குறைவு, வால்பக்கத் தட்டுக்கு அதிகம். ஆகவே கிட்ட இருக்கும் தட்டுகளுக்குப் போகும் செய்தி வழியில் தாமதப்படுத்தப்படுகிறது. தூரத்துக்குப் போகும் செய்தி விரைந்து போகிறது. எல்லாருக்கும் கட்டளை ஒரே கணத்தில் கிடைக்கிறது. இந்த ஒழுங்கை யார் உட்கார்ந்து திட்டமிட்டது?

இரண்டாவது மீன், மின்திருக்கை. மத்தியதரைக் கடலிலும் அட்லாண்டிக்கிலும் மணலுக்குள் பாதி புதைந்து படுத்திருக்கும் தட்டையான உயிர். தலையின் இரு புறமும் சிறுநீரக வடிவில் இரண்டு மின் உறுப்புகள். மேல்தோலை நீக்கிப் பார்த்தால் தேன்கூடு போலத் தெரியுமாம். ஒவ்வொரு அறையும் ஒரு தூண். ஒவ்வொரு தூணிலும் நூற்றுக்கணக்கான தட்டுகள். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1773-ல் ஒரு திருக்கையை அறுத்து, ஓர் உறுப்பில் மட்டும் 470 தூண்களை எண்ணினார். மிகப் பெரிய மீன் ஒன்றில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

தட்டுகளை விலாங்கைப் போல நீளமாக அடுக்காமல், இந்த மீன் ஏன் பிரித்துப் பிரித்துத் தூண்களாக நிறுத்தியிருக்கிறது? தூண்கள் ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில் இருப்பதால் அவற்றின் மின்னழுத்தம் கூடாது. மத்தியதரைக் கடல் திருக்கை தருவது சுமார் 50 வோல்ட்தான். விலாங்கின் முன்னால் இது ஏழை என்று தோன்றும்.

பதில், பேத்தி போட்ட அந்த உப்பில் இருக்கிறது.

மழையில் கழுவப்பட்டு ஓடும் அமேசான் படுகையின் ஆற்றுநீரில் உப்பு மிகச் சொற்பம். ஒரு லிட்டர் கடல்நீரிலோ சுமார் 35 கிராம் உப்பு. அந்தக் காட்டாறுகளின் கறுப்பு நீர், கடல்நீரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக மின்சாரத்தைத் தடுக்கும். பெருந்தடையை எதிர்கொள்ள வேண்டுமானால் பெரிய அழுத்தம் வேண்டும். அதனால் ஆற்றுமீனுக்கு நீண்ட தொடர் அடுக்கு. கடலில் தடையே குறைவு, சிறிய அழுத்தம் போதும். ஆனால் உப்புநீர் நாலா பக்கமும் மின்சாரத்தை வாரிக்கொண்டு போய்விடும். இரையை எட்ட வேண்டுமானால் மின்னோட்டம் ஏராளமாகப் பாய வேண்டும். அதனால் கடல்மீனுக்குப் பல தூண்கள். தூணுக்குத் தூண் அழுத்தம் கூடாவிட்டாலும் மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் தனக்கென்று ஓர் உள்தடை உண்டு. பழைய பேட்டரிகள் மூன்றைப் போட்ட டார்ச் மங்கி எரிவது இந்த உள்தடையால்தான். தொடராக அடுக்கினால் உள்தடைகளும் கூடும். பக்கம் பக்கமாக இணைத்தால் குறையும். திருக்கை விலாங்கின் வடிவத்தை எடுத்திருந்தால், அதன் மின்சாரம் தன் சொந்த உடம்பின் தடையிலேயே பெரும்பங்கை இழந்திருக்கும். உள்தடையும் வெளித்தடையும் ஒத்துப்போகும் இடத்தில்தான் ஆற்றல் மிக அதிகமாகக் கைமாறும் என்பது மின்பொறியாளர்கள் படிக்கும் விதி. ஆற்றுக்கு ஆற்றுத்தடை, கடலுக்குக் கடல்தடை என்று அறிந்து நெய்ததுபோல இரண்டு உடல்கள்!

மூன்றாவது சாட்சியும் உண்டு. நைல் நதியின் மின்கெளுத்தி. 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் செதுக்கப்பட்டிருக்கும் மீன் அது. கண்டம் வேறு, மின் உறுப்பு அமைந்த விதமும் வேறு. ஆனால் வாழ்வது நன்னீரில். எனவே அதுவும் 300 வோல்ட்டுக்கு மேல் எழுப்புகிறது.

இந்த ரகசியத்தை மனிதரில் முதலில் தொட்டவர் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் என்ற கூச்ச சுபாவி. திருக்கை தருவது உண்மையிலேயே மின்சாரம்தானா, அப்படியானால் ஏன் பொறி பறக்கவில்லை என்று அன்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு செயற்கைத் திருக்கையைச் செய்தார். முதலில் மரத்தில் செய்தது சரிவரவில்லை. உப்புநீரில் ஊறிய பிறகும் மரம், மீனின் சதை அளவுக்கு மின்சாரத்தை விடவில்லை. பிறகு தோலை அடுக்கித் தைத்து, உப்புநீரில் ஊறவைத்து, மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் 49 லெய்டன் ஜாடிகளோடு இணைத்தார். 1775-ல் ஹன்டர் உள்ளிட்ட சிலரை அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உண்மைத் திருக்கையின் அதிர்ச்சி அவர்கள் கையில் ஏறியது. அழுத்தம் குறைவு, அளவு மிகுதி, அதனால்தான் பொறி இல்லை என்பது அவர் கண்ட விடை. மின்தடையை அளக்க அவர் வைத்திருந்த கருவி தன் சொந்த உடல்தான். ஓமின் விதிக்கு மிக அருகில் அவர் போய்விட்டதை, 1879-ல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் அவருடைய குறிப்புகளைப் பதிப்பித்த பிறகே உலகம் அறிந்தது. 1800-ல் வோல்டா தட்டுகளை அடுக்கி உலகின் முதல் பேட்டரியைச் செய்தபோது, அதைச் செயற்கை மின் உறுப்பு என்றே குறிப்பிட்டார். நம் வீட்டு டார்ச்சுக்கும் மூத்தோன் ஒரு மீன்.

தடை என்றாலே நமக்குக் கெட்ட வார்த்தை. தடங்கல், முட்டுக்கட்டை என்றே மனம் போகிறது. இந்த மீன்களைப் பார்த்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. தடையைச் சபித்துப் படைப்பில் எந்த உயிரும் உருவாகவில்லை. எதிரே உள்ள தடை எவ்வளவு என்று கேட்டு, அதற்குத் தக்கபடி உடம்பு அமைந்திருக்கிறது.

நமக்கும் அப்படித்தான். நம் உள்ளே ரத்தமும் நிணநீருமாக ஓடுவது உப்புநீர், மின்சாரத்துக்குத் திறந்த வாசல். அந்தக் குட்டிக் கடலைச் சுற்றி, தாளைவிட மெல்லிய, உலர்ந்த, உயிரற்ற செல்களின் ஒரு படலம் தோலின் மேல் போர்த்தப்பட்டிருக்கிறது. உலர்ந்திருக்கும்போது அதன் தடை ஒரு லட்சம் ஓம் வரைகூடப் போகும். நனைந்துவிட்டால் ஆயிரத்துக்கு இறங்கிவிடும். 230-ஐ அந்த இரண்டாலும் வகுத்துப் பாருங்கள். முன்னதில் ஒரு சுரீர். பின்னதில் இதயத்தை நிறுத்தும் மின்னோட்டம். உலர்வும் ஈரமும்தான் வித்தியாசம்.

சோதனை முடிந்து பேத்தி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். சமையலறை விளக்கை அணைக்க ஸ்விட்ச் பக்கம் போனவள், பாதி வழியில் நின்று, தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டை இழுத்து, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிட்டிகை உப்பு சொல்லியிருந்தது.