போலிக் கையெழுத்தில் அறுந்த இணைப்பு

நாலு பேர் வாத்தியமில்லாமல் சேர்ந்து பாடும் ‘பார்பர்ஷாப்’ பாட்டென்றால் ராப் டொபோல்ஸ்கிக்கு உயிர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்காரர். வேலை, மென்பொருள் சோதனை. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய பதிவுகளை 2007-ல் இணையத்தில் மற்றவர்களோடு பகிரப் பார்த்தார். ஃபைல் நகரவே இல்லை. தொழில் புத்தி சும்மா விடுமா? கணினிக்குள் வந்துபோகும் தரவுப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக நோண்டினார்.

சிக்கியது ‘ரீசெட்’. ‘பேச்சு முடிந்தது, துண்டித்துக்கொள்’ என்று ஒரு கணினி இன்னொன்றுக்குச் சொல்லும் சின்னஞ்சிறு செய்தி அது. இரு முனையிலும் யாரும் அதை அனுப்பவில்லை. நடுவில் இருந்த, இணைய இணைப்பு தரும் காம்காஸ்ட் நிறுவனம் வாடிக்கையாளர் பெயரில் அனுப்பிக்கொண்டிருந்தது. தபால்காரர் கடிதத்தைத் தாமதமாகக் கொடுத்தால் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் கையெழுத்தைப் போட்டு, ‘இனி எழுதாதே’ என்று உங்கள் நண்பருக்கு அவரே கடிதம் போட்டால்?

அதே ஆண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தானும் சோதித்தது. பகிரத் தேர்ந்தெடுத்தது கிங் ஜேம்ஸ் பைபிள். திருட்டுப் படம் என்று யாரும் வாய் திறக்க முடியாதே! அதற்கும் முட்டுக்கட்டை விழுந்தது.

காம்காஸ்டின் சங்கடம் பொய்யல்ல. கேபிள் இணையத்தில் ஒரு வட்டாரமே ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்கிறது. அதிலும் மேலேற்றும் பாதை மிகக் குறுகல். பிராம் கோஹன் 2001-ல் உருவாக்கிய பிட்டோரண்ட் என்னும் ஃபைல் பகிர்வு முறையிலோ, இறக்குபவரே அடுத்தவருக்கு ஏற்றியும் கொடுக்க வேண்டும். இரவெல்லாம் ஓடவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இணையம் தவழும். நெரிசலைச் சமாளித்தது குற்றமில்லை. வாடிக்கையாளரிடம் மூச்சுவிடாமல், அவர் குரலிலேயே பொய் சொன்னதுதான் உறுத்துகிறது.

2008 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, ஹார்வர்டில் விசாரணை நடத்தியது. அரங்கில் சிலர் கண்ணயர்ந்திருந்தார்கள். தன் ஊழியர்களுக்கு இடம் பிடித்துவைக்கக் கூலிக்கு ஆள் அமர்த்தியதை காம்காஸ்ட் பிறகு ஒப்புக்கொண்டது!

ஆகஸ்டில் 3-2 வாக்கில் ஆணையம் கண்டித்தது, அபராதம் இல்லை. ஆண்டு முடிவதற்குள் காம்காஸ்ட் ரீசெட்டைக் கைவிட்டு, நெரிசல் நேரத்தில் யார் அதிகம் இழுக்கிறாரோ அவருடைய வேகத்தைச் சற்று நேரம் குறைக்கும் முறைக்கு மாறியது. அவர் இழுப்பது பாட்டா, படமா என்று அந்த முறை பார்க்கவில்லை. மாதத்துக்கு 250 ஜிபி என்ற வரம்பும் வந்தது.

2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று உத்தரவை ரத்துசெய்தது. வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு மட்டும் அதற்கு முன்பே 1.6 கோடி டாலர் சமரசத்தை எட்டியிருந்தது; தவறை காம்காஸ்ட் ஏற்கவில்லை. விண்ணப்பித்தவருக்கு அதிகபட்சம் 16 டாலர்.